பரிசத் தட்டில் முதல் துட்டு

மகனே, சிரம்பான் ஆபீசில் மேசை நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் என் கண்ணான கிராணியே,

உனக்கு நான் போட்ட மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. ஆனால் பத்திரிகை கைக்கு வந்தால் தலைப்பிலிருந்து கடைசிப் பக்கத்துத் தைல விளம்பரம் வரைக்கும் ஒரு வரி விடாமல் படிப்பாய் என்று, லோபாக்கில் உன்னோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிற உன் சிநேகிதன் சொன்னான். அதனால் இந்த நாலாவது கடிதத்தைப் பத்திரிகைக்கே அனுப்பிவிட்டேன். ஊர் படித்தால் படிக்கட்டும். நம் லயத்து வீட்டில் நானும் உன் அப்பாவும் போடும் சண்டை பத்து வீட்டுக்குக் கேட்கும். நடுவில் இருப்பது பலகைச் சுவர்தானே. பத்திரிகை என்பது கொஞ்சம் நீளமான லயம், அவ்வளவுதான். எழுத்துப் பிழைகளை ஆசிரியர் ஐயா திருத்திக்கொள்ளட்டும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நீ ஒரே வருஷத்தில் படித்து முடித்த அரிச்சுவடியை, பால்வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று வருஷத்தில் படித்தவள் நான். என் படிப்பின் லட்சணம் உனக்குத் தெரியும்.

போன மாதம் கோலா கிளாவாங் பக்கத்துத் தோட்டத்துக்கு உனக்குப் பெண் பார்க்கப் போனோமே, அன்றைக்கு நடந்ததைத்தான் பேசப் போகிறேன். பெண்ணின் தகப்பனார் பரிசப் பேச்சை எடுத்தார். நானும் நல்லபடியாகத்தான் வாயைத் திறந்தேன். "துட்டு விஷயத்துல நாங்க முறைச்சுக்கிற ஆளுங்க இல்லீங்க" என்றேன். உடனே நம் லயத்திலிருந்து கூட வந்திருந்த கங்காணி பெண்சாதி, என்னைத் தூக்கி வைக்கிற நினைப்பில், "எங்க துட்டக்கா ஒண்ணு சொன்னா சொன்னதுதான் லா!" என்று கூவினாள். பெண் வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். துட்டக்கா என்றால் துட்டுக்குப் பறக்கிறவள் என்று நினைத்திருப்பார்கள், பாவம். நீ என் காதருகே குனிந்து, "அம்மா, துட்டு துட்டுன்னு சொல்லாதீங்க. பணம்னு சொல்லுங்க. கூலிக்காரப் பேச்சா இருக்கு" என்றாய். மெல்லத்தான் சொன்னாய். ஆனால் உன் அப்பாவுக்கே கேட்டுவிட்டது. அவருக்குக் காது மந்தம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மூன்று உத்தரவு போட்டாய். கல்யாணத்தன்று ஒருத்தரும் என்னைத் துட்டக்கா என்று கூப்பிடக் கூடாது. பரிசத் தட்டில் முதல் பணத்தை உங்கள் ஆபீஸ் பெரிய கிராணிதான் வைப்பார். என் சிநேகிதி லீமாவை அழைக்க வேண்டாம், பிற்பாடு பலகாரம் கொடுத்தனுப்பிக்கொள்ளலாம். அந்த மலைப்பாதை வளைவுகளில் எனக்கு வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்ததால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். இப்போது வயிறு சரியாகிவிட்டது. வாயும் சும்மாதான் இருக்கிறது.

என் பெயரின் கதையை நீ அரைகுறையாகக் கேட்டிருப்பாய். முழுசாகச் சொல்கிறேன். நானும் உன் அப்பாவும் நாகப்பட்டணத்தில் கப்பலேறி இந்தத் தோட்டத்துக்கு வந்தபோது ரப்பர் மரங்கள் என் தோளுயரம்தான் இருந்தன. வந்த மூன்றாம் வாரம் உன் அப்பாவுக்குக் குளிர்காய்ச்சல். கம்பளிக்குள் சுருண்டு படுத்துக்கொண்டு, வாழைப்பழம் வேண்டும் என்று பிள்ளைத்தாய்ச்சி மாதிரி கேட்டார். கோலா சாவாவில் ஞாயிற்றுக்கிழமை பாசார் கூடும், மலாய்க்காரப் பெண்கள் பாயை விரித்துப் பழமும் கீரையும் விற்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். முந்தானையில் நாலு செப்புக் காசை முடிந்துகொண்டு, கித்தா என்கிற அந்த ரப்பர் மரங்களுக்கு நடுவே செம்மண் பாதையில் தனியாகப் போனேன். எனக்குப் பாஷை தெரியாது. யாராவது கூட்டத்தில் என்னைத் தள்ளிவிட்டால் ஐயோ என்று கத்துவதற்குக் கூட இந்த ஊரில் வேறு சொல் இருக்குமோ என்று பயம்.

ஒரு பாயின் முன்னால் போய் நின்றேன். என் வயசுதான் இருக்கும் அவளுக்கு. பழச்சீப்பைக் காட்டினேன். அவள் என்னவோ நீளமாகச் சொன்னாள், ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விரலைத் தேய்த்துக் காட்டி ஒரே ஒரு சொல் சொன்னாள்: "டூயிட்." கொஞ்சம் வழுக்கினாற்போல் சொன்னாளே தவிர, எங்கள் ஊர்த் துட்டேதான். கப்பலை விட்டு இறங்கிய பிறகு அந்நியர் வாயிலிருந்து எனக்குப் புரிந்த முதல் சொல் அது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? துட்டைக் கொடுத்துப் பழத்தை வாங்கியிருக்க வேண்டும். நானோ அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீ நம்ம ஆளாடி? எந்த ஊரு? ஏண்டி இப்படிச் சட்டை போட்டுக்கிட்டுத் திரியறே?" என்று ஆரம்பித்து, புருஷன் காய்ச்சல், மாமியார் கொடுமை, கப்பலில் என் வெண்கலச் செம்பு திருட்டுப் போனது வரைக்கும் கண்ணீரோடு கொட்டித் தீர்த்தேன். நான் முடிக்கும் வரை அவள் பழத்தையும் எடுக்கவில்லை, துட்டையும் கேட்கவில்லை. முழுக்கக் கேட்டாள். பக்கத்துப் பாய்க்காரி சிரித்தபோது அவளை ஒரு அதட்டல் போட்டாள். அவள்தான் லீமா.

அத்தோடு விட்டேனா? லயத்துக்கு ஓடி வந்து, "மலாய்க்காரங்க எல்லாம் நம்ம ஜனம்தான், முன்னாடியே கப்பலேறி வந்துட்டாங்க, தமிழ்தான் பேசறாங்க" என்று தமுக்கடித்தேன். அடுத்த ஞாயிறு நம் லயத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர் என் பின்னால் புறப்பட்டார்கள். பாசாரில் ஆளுக்கொரு பாயின் முன் உட்கார்ந்து, கத்தரிக்காய் ஏன் இத்தனை முற்றலாக இருக்கிறது என்று தமிழில் விசாரித்தார்கள். மலாய்ப் பெண்கள் கண்ணை விரித்தார்கள். சுற்றிச் சுற்றிப் பார்த்ததில் பொருந்தியது அந்த ஒரே ஒரு சொல்தான். வழி நெடுகக் கங்காணி பெண்சாதி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "என்னா துட்டக்கா, சொந்தக்காரங்க விருந்து வைக்கலியா?" என்றாள். அன்று ஒட்டியது இந்தப் பெயர். பெயர்ப் பதிவுப் புத்தகத்தில் வேறு என்னவோ எழுதியிருக்கிறது. அதை உன் அப்பாவே மறந்துவிட்டார்.

லீமா மட்டும் சிரிக்கவில்லை. ஞாயிறுதோறும் எனக்கென்று ஒரு சீப்பு ஒதுக்கி வைப்பாள். நான் கொஞ்சம் மலாய் பிடித்தேன், அவள் நிறையத் தமிழ் பிடித்தாள். அந்தப் பழம் விளைகிற தோப்பு அவள் அம்மா கொடுத்தது, அவள் பக்கத்தில் நிலமெல்லாம் பெண்களுக்குத்தான், கல்யாணமானால் ஆண்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான் என்று அவள் சொன்னதைக் கேட்டு, அப்படியே ஊருக்குக் கடிதம் எழுதச் சொன்னேன். மாமியாரிடமிருந்து ஒரு வருஷம் பதிலே வரவில்லை. நிம்மதியான வருஷம்.

இப்படியிருந்த சிநேகிதத்தைக் கெடுத்தது என் வாய். ஒரு நாள் பாசாரில் நாலு பேர் நடுவில் பெருமை தாங்காமல், "துட்டுங்கறது எங்க பேச்சு. நாங்க வந்து சொல்லிக் குடுக்காட்டி, நீங்க விக்கிற பழத்துக்கு என்னா கேக்கறதுன்னே உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றேன். வேடிக்கை என்று நினைத்துத்தான் சொன்னேன். லீமாவின் முகம் சுருங்கிவிட்டது. "என் அம்மாவோட அம்மா காலத்துலேருந்து டூயிட் இருக்கு. நீ நேத்து வந்தவ. சாயா பூஞ்யா!" என்றாள். என்னுடையது என்று அர்த்தம். பாயைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். நானும் போகட்டும் என்று இருந்துவிட்டேன். ஏழு மாதம் பாசார்ப் பக்கமே தலை காட்டவில்லை. வீட்டில் வாழைப்பழம் இல்லை, அதற்கும் உன் அப்பா என்னிடம்தான் கோபித்துக்கொண்டார். மகனே, வாய்ச்சொல்லால் ஒரு சிநேகிதியை இழந்துவிட்டு, அவளே வந்து பேசட்டும் என்று காத்திருந்த முட்டாள்தனத்தை நான் ஒருமுறை செய்திருக்கிறேன். அதைத் திரும்பச் செய்யப் பார்த்தேன் என்பதையும் பின்னால் சொல்கிறேன்.

அந்த ஏழு மாதக் கடைசியில் நீ பிறந்தாய். எனக்கு ஜன்னி கண்டு பிழைப்பேனா என்றாகிவிட்டது. யார் சொன்னார்களோ தெரியாது, லீமா ஒரு கூடை இலையும் வேரும் எடுத்துக்கொண்டு லயத்துக்கே வந்துவிட்டாள். வெந்நீர் போட்டாள், வயிற்றில் பத்துப் போட்டாள், மூன்று நாள் வீட்டுக்குப் போகவில்லை. நான் கண் விழித்துப் பார்த்தபோது உன்னை மடியில் போட்டுக்கொண்டு, உன் அரைஞாண் கயிற்றில் எதையோ கோத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் துளை போட்ட பழைய செப்புக் காசு. நகம் கனம்தான் இருக்கும். அவள் அம்மா பெட்டியில் இருந்ததாம். "என்னா அது?" என்றேன். அவள் என்னை ஓரக்கண்ணால் பார்த்து, "டூயிட்" என்றாள். எனக்கு வந்த சிரிப்பில் வயிற்றில் போட்ட பத்து உதிர்ந்துவிடும் போலாகிவிட்டது. "துட்டு" என்றேன். "டூயிட்" என்றாள். அப்போதுதான் பந்தயம் கட்டினோம். உன் கல்யாணத்துக்குள் இந்தச் சொல் யாருடையது என்று தெரிந்துகொள்ள வேண்டும். தோற்றவள் பரிசத் தட்டில் தன் கையால் முதல் துட்டை வைத்து, இது அவளுடைய சொல் என்று சபை கேட்கச் சொல்ல வேண்டும். உனக்குத் தாய்மாமன் இந்தக் கரையில் இல்லை. அந்த இடத்தில் நிற்க ஒருத்தி கிடைத்தாள் என்று எனக்குள் ஒரு சந்தோஷம். அதை அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

இனிமேல் சொல்வதைச் சிரித்துக்கொண்டு எழுத வரவில்லை. நீ பஸ்ஸில் உத்தரவு போட்ட மறுநாள், நான் டிரங்குப் பெட்டியைக் குடைந்து அந்தக் காசை எடுத்தேன். லீமாவிடம் திருப்பிக் கொடுத்து, பந்தயத்தை மறந்துவிடு, கல்யாணக் கூட்டத்தில் உனக்கு இருக்கக் கஷ்டமாக இருக்கும் என்று நைசாகச் சொல்லிவிடலாம் என்று புறப்பட்டேன். ஆமாம், உனக்குப் பயந்துகொண்டுதான். பெற்ற பிள்ளை தலைநிமிர்ந்து நடக்கட்டுமே, கிழவி ஒருத்தி மனம் வருந்தினால் என்ன என்று கூட நினைத்தேன். அவளுக்கும் எனக்கும் ஒரே வயது என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரியைத் தாண்டும்போது, மருந்து கொடுக்கிற டிரெசர் வாசலில் நின்று சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். உனக்குத் தெரியுமே, மலாக்காச் சட்டைக்காரர், பறங்கி வம்சம், நம்மைவிடக் கொச்சையாகத் தமிழ் பேசுவார். "கையில என்னாம்மா, இறுக்கிப் புடிச்சிருக்கே?" என்றார். காட்டினேன். உள்ளே போய்ப் பூதக்கண்ணாடியைக் கொண்டு வந்து திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றின்மேல் ஒன்றாகப் பின்னிய மூன்று எழுத்தை எனக்கும் காட்டினார்.

"இதுக்குப் பேருதாம்மா துட்டு" என்றார்.

"துட்டுதான் ஐயா. நான் என்ன வெத்தலைன்னா சொன்னேன்?"

"அதில்லம்மா. இந்தக் காசோட சொந்தப் பேரே அதுதான். உலாந்தாக்காரன், அதாம்மா டச்சுக்காரன், அடிச்சது. இப்படிச் சின்னச் செப்புக் காசுக்கு அவன் பாஷையில அப்படித்தான் பேரு. எங்க மலாக்காவ ஆண்டுக்கிட்டு இருந்தான். உங்க நாகப்பட்டணத்துலயும் கோட்டை கட்டி உக்காந்திருந்தான். ரெண்டு கரையிலயும் காசை எறைச்சான். ஜனங்க காசோட சேத்துப் பேரையும் பொறுக்கிக்கிட்டாங்க."

"அப்ப இது தமிழு இல்லியா?"

"இல்ல."

"மலாயும் இல்லியா?"

"இல்லம்மா. யாராச்சும் பந்தயம் கட்டியிருந்தா ரெண்டு பேரும் தோத்தாங்க" என்று சொல்லிவிட்டு, நான் ஏன் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன் என்று தெரியாமல் நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

உட்கார்ந்த இடத்தில் எனக்கு என்னென்னவோ தோன்றியது. இந்த ஊரில் நாம் டாலரை வெள்ளி என்கிறோம். வெள்ளிக் காசாக இருந்தபோது வைத்த பெயர். இப்போது கடுதாசி நோட்டாக வந்து மழையில் நனைந்தால் பிசுபிசுக்கிறது, அதுவும் வெள்ளிதான். சென் என்னும் சில்லறையைக் காசு என்கிறோம். சம்பளநாளில் பணம் என்போம், தீபாவளிச் சீட்டுக்கும் பணம்தான். ஆனால் கையில் இல்லாதபோது மட்டும் எல்லாரும் துட்டு இல்லை என்றுதான் சொல்கிறோம். மரியாதையான சொற்கள் எல்லாம் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு பெட்டிக்குள் இருக்கின்றன. இந்த ஏழைச் சொல்தான் வெயிலில் அலைகிறது. அடித்தவன் கொடியை இறக்கிக்கொண்டு எப்போதோ போய்விட்டான். அந்தக் காசை இன்றைக்கு எந்தக் கடையிலும் நீட்ட முடியாது. சொல் மட்டும் தங்கிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை பாசாரில் இன்னும் வாழைப்பழம் வாங்கிக்கொண்டிருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று அதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அது வெட்கப்பட்டிருக்காது. நானும் அப்படி ஒரு கப்பலில் வந்தவள்தான். நீ இங்கேயே முளைத்தவன், உனக்கு எதற்கு வெட்கம்?

லீமா வீட்டுக்குப் போனபோது அவள் மரக்கட்டிலில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தாள். கோத்துக் கொடுத்தேன். "நீ தோத்துட்டே" என்றேன். முகம் வாடியது. "நானும் தோத்துட்டேன்" என்று டிரெசர் சொன்னதைச் சொன்னேன். காசை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பார், வாயிலிருந்த வெற்றிலை புரையேறி நான்தான் முதுகில் தட்டினேன். "இருபது வருஷம் அடுத்தவன் சாமானுக்கா சண்டை போட்டோம்? அவன்கிட்டத் திருப்பிக் குடுத்துடலாம்னா ஆளே போயிட்டானே லா!" என்றாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "அப்போ முதல் துட்டு யாரு வைக்கிறது அக்கா?" என்று கேட்டாள். சொல்ல வந்ததைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். அவள் மடியில் கிடந்த துணி அப்போதுதான் என் கண்ணில் பட்டது. கிளிப்பச்சையில் புதுச் சட்டை. உன் கல்யாணத்துக்குத் தைத்துக்கொண்டிருக்கிறாள்; கழுத்துப்பட்டி மட்டும்தான் பாக்கி. "ரெண்டு பேரும் சேந்து" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்கிற தைரியத்தில்தான், நான் எதற்காக அங்கே போனேன் என்பதை இதில் எழுதியிருக்கிறேன். நீயும் போட்டுக் கொடுத்துவிடாதே.

இன்னொரு ரகசியம். பெண் பார்த்த அன்று நீ என் காதைக் கடித்த பிறகு, கை கழுவுகிற சாக்கில் நான் அடுப்படிக்குப் போனேன். கல்யாணப் பெண் பாக்கியம் தனியாகத் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "அத்தை, ஏன் உங்கள துட்டக்கான்னு கூப்பிடறாங்க?" என்று கேட்டாள். பாசார்க் கதையைச் சொன்னேன், பந்தயத்தையும் சொன்னேன். சிரித்த சிரிப்பில் தேநீர் பாதி தரையில். "எங்க வீட்டுலயும் துட்டுன்னுதான் அத்தை சொல்லுவோம். மாப்பிள்ளை ஆபீஸ்ல இருக்காருன்னு அப்பா காலையிலேருந்து பணம், பணம்னு சொல்லிப் பழகிக்கிட்டிருக்காரு" என்றாள். புடவைத் தலைப்பால் தரையைத் துடைத்துக்கொண்டே, "உங்க சிநேகிதியே வந்து முதல் துட்ட வைக்கட்டும் அத்தை. எனக்கு அவங்களப் பாக்கணும்" என்றாள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். நானும் உன்னிடம் சொல்லவில்லை, பத்திரிகையில்தான் எழுதியிருக்கிறேன். அவர்கள் வீட்டிலும் இதே பத்திரிகைதான் வாங்குகிறார்கள். பாய்க்கு அடியில் பார்த்தேன்.

ஆகையால் தை மாதம் பரிசம் போடுகிற அன்று நடக்கப் போவதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பெரிய கிராணி நல்ல மனிதர், வரட்டும். தாம்பூலத்தை அவர் எடுத்துக் கொடுக்கட்டும், முன்வரிசையில் உட்காரட்டும். நோட்டும் வெள்ளியும் அதற்குப் பிறகு வரிசையாக ஏறட்டும். தட்டு காலியாக இருக்கும்போது ஒரு கிளிப்பச்சைச் சட்டையும் ஒரு மாம்பழ நிறப் புடவையும் எழுந்து வரும். இரண்டு பேர் விரலும் ஒரே காசைப் பிடித்திருக்கும். எந்தக் கடையும் வாங்காத காசு, நடுவில் ஒரு துளை. அது உன் தொப்புளுக்குக் கீழே ஆடி ஆடித் தட்டத் தட்டத்தான் நீ லயத்துக் கூடத்தில் முதல் அடி வைத்தாய். நீ விழுந்து எழுந்த தினுசை எங்கள் இரண்டு பேரைவிட அந்தக் காசுக்கு நன்றாகத் தெரியும். அது தட்டில் விழும்போது சத்தம் வரும். லீமாவுக்கு நீ எழுந்து நின்று இடம் விடுவாயானால், பெண் வீட்டார் யாரைப் பார்த்துப் பெருமைப்படுவார்கள் என்று நீயே பார்த்துக்கொள்.

அன்றைக்கு நீ என்னை அம்மா என்று கூப்பிட்டால் போதும். மற்றவர்கள் வாயை நான் கட்ட மாட்டேன். பதில் போடு. கடிதம் எழுதச் சோம்பலாக இருந்தால், பத்திரிகைக்கே எழுது. விளம்பரப் பக்கம் வரைக்கும் நானும் படிக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
துட்டக்கா